வீட்டில் எத்தனை பேர்

ஏப்ரல் 16, ஞாயிறு

ரயில் மூன்று மணி நேரம் தாமதம். அண்ணன் சென்ட்ரலில் காத்திருந்தான். மிரியத்தைப் பார்த்ததும், "ஏய், என் தோளுக்கு வந்துட்டியே, என்ன போடறா உங்கம்மா சாப்பாட்டுல?" என்று அவள் பையை வாங்கிக்கொண்டான். மிரியம் இந்தியில் பதில் சொல்ல ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தமிழுக்கு மாறினாள்.

பதிமூன்று வருட நாக்பூர் முடிந்தது. இனி மெட்ராஸ்தான். எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியில் மாற்றல் கேட்டது நான்தான். பாரிமுனைக் கிளையில் வியாழக்கிழமை சேர வேண்டும். பெனடிக்டுக்கு ரயில்வேயில் மாற்றல் இன்னும் வரவில்லை. ஜூனில் வந்துவிடும் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அம்பத்தூரில் அண்ணன் வீடு இரண்டே அறை. எங்களுக்காக அவன் பையன்கள் ஹாலில் படுக்கிறார்கள். மிரியம் ஆறாம் வகுப்புப் போக வேண்டும். ஸ்கூல் திறப்பதற்குள் வீடு பார்த்துவிட வேண்டும். "அவசரமே இல்ல ஜெசி, இதுவும் உன் வீடுதான்" என்றாள் அண்ணி. அவள் நல்லவள். அதனால்தான் அவசரம்.

ஏப்ரல் 22, சனி

முகப்பேர். ஐந்தாவது மாடி. நல்ல காற்று. வீட்டு ஓனர் ஷூ ரேக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டார்.

"வீட்டுல எத்தனை பேர்?"

"மூணு பேர் சார்."

"வீட்டுக்காரர் வரலியா?"

"நாக்பூர்ல இருக்கார். ஜூன்ல வந்துருவார்."

"நான்வெஜ் சமைப்பீங்களோ?"

சமைப்போம் என்றேன். அதோடு முடிந்தது. படியில் இறங்கும்போது மிரியம், "சமைக்க மாட்டோம்னு சொல்லியிருக்கலாம்ல மம்மி? வீடு நல்லா இருந்துச்சு" என்றாள். பொய் சொல்லக் கூடாது என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏப்ரல் 23, ஞாயிறு

வில்லிவாக்கத்தில் ஒன்று, கொளத்தூரில் ஒன்று. வில்லிவாக்கத்தில் கேட் குறுகல். பெனடிக்டின் புல்லட் உள்ளே போகாது. கொளத்தூரில் வீடு விசாலம், ஆனால் குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை. கால்பந்து ஆடிக் கெட்ட முழங்காலை வைத்துக்கொண்டு அவருக்கு அது முடியாது.

அண்ணியிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல், "வண்டி தெருவுல நிக்கட்டுமே ஜெசி" என்றாள்.

மிரியத்துக்கு ஒரு புதுப் பழக்கம். எந்த ஏரியாவுக்குப் போனாலும், "இந்தத் தெருவுல உங்களுக்கு யாரையாவது தெரியுமா மம்மி?" என்று கேட்கிறாள். தெரியாது என்றால் தலையாட்டிக்கொள்கிறாள். புது ஊர், தெரிந்த முகம் வேண்டுமென்று தேடுகிறது, பாவம்.

ஏப்ரல் 26

ஆபீஸ். வீடு. வெயில். பெனடிக்ட் மிரியத்தோடு பத்து நிமிடம் பேசினார். நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

பெரம்பூருக்கு எதற்கு முதலிலேயே போகவில்லை என்று தெரியவில்லை. நான் பிறந்து, படித்து, கல்யாணம் செய்துகொண்டு கிளம்பிய இடம். அவருக்கும் அதுதான் ஊர்.

ஸ்டேஷனில் இறங்கியதுமே கால் தானாக நடந்தது. மிரியத்துக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். மாலையில் ரயில்வே பட்டறைச் சங்கு ஊதும். ஊதி முடிவதற்குள் தெரு முழுக்க சைக்கிள் நிறைந்துவிடும். எல்லாச் சைக்கிளும் ஒரே மாதிரி, எல்லா அப்பாக்களும் ஒரே நீலச் சட்டை. ஆனால் எங்கள் டாடியின் மணிச் சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்கும். சங்குச் சத்தம் கேட்டதும் மம்மி தோசைக் கல்லை அடுப்பில் வைப்பாள். டாடி கையில் கிரீஸ் வாசனை போகவே போகாது. பண்டிகைக்குப் போட்ட புதுச் சட்டையிலும் அந்த வாசனை இருக்கும். டிசம்பர் பிறந்தால் எந்த வீட்டில் கல்கல் பலகாரம் பொரிக்கிறார்கள், எந்த வீட்டில் கேக்குக்குப் பழம் ஊறப் போட்டிருக்கிறார்கள் என்று தெரு முனையில் நின்றே சொல்லிவிடலாம். மழையில் சுரங்கப்பாதை நிறைந்துவிட்டால் பையன்கள் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் வருவார்கள். ஒரு நாள் அப்படி வந்த ஒருத்தன், என் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"டாடியா?" என்றாள் மிரியம்.

"வேற யாரு?"

எங்கள் பழைய வாடகை வீடு இப்போது ஸ்கேன் சென்டர். உள்ளே எட்டிப் பார்த்தேன். மம்மியின் அடுப்படி இருந்த இடத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். "டோக்கன் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

அதற்கு நான்கு வீடு தள்ளி மார்க்கரெட் அக்கா வீடு. நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவர். கணவர் போய்விட்டார், மகன் பஹ்ரைனில். கதவைத் திறந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்று, பிறகு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். மாடி போர்ஷன் காலி! இரண்டு அறை, ஒரு பால்கனி. பால்கனியில் நின்றால் மைதானம் தெரிகிறது. பெனடிக்ட் லெஃப்ட் விங்கில் ஓடிய அதே மைதானம்.

அட்வான்ஸ் பேச்சை எடுத்தேன். "உங்கிட்ட நான் அட்வான்ஸ் வாங்கவா? போடி" என்றார். வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

மே 1

பாட்டுப் பாடிக்கொண்டே துணி துவைத்தேனாம். அண்ணி சொன்னாள்.

மே 7, ஞாயிறு

திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போனோம். வெளியே வந்தபோது மைதானத்தில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்த நரைத்த மனிதர் எழுந்து வந்தார். பெனடிக்டோடு ஒரே டீமில் கோல் கீப்பராக ஆடியவர்.

"ஜெசிதானே? அட, இது பென்னி பொண்ணா? அப்படியே அவன் மூஞ்சி! டேய், இங்க வாங்கடா, நம்ம பென்னி பொண்ணுடா!"

நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு ஃபைனலில், கடைசி நிமிடத்தில், கார்னர் கொடியை ஒட்டி ஓடிவந்து பெனடிக்ட் அடித்த கோலை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எனக்கு எல்லா விதமும் பிடித்திருந்தது. மிரியத்துக்கு பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தார்கள்.

"அப்பா எப்பம்மா வர்றான்? வந்ததும் மொதல்ல கிரவுண்டுக்குத்தான் வரணும்னு சொல்லு, என்ன?"

மிரியம் தலையாட்டினாள். ஸ்டேஷன் வரும்வரை அந்த பன்னைக் கையிலேயே வைத்திருந்தாள். வெயில், பசி இருக்காது.

மே 9

பெனடிக்டுக்குப் போன் செய்தேன், மாடி வீட்டைப் பற்றிச் சொல்ல. எடுக்கவில்லை. லைன் டியூட்டியில் இருப்பார். அவர் வேலை அப்படி.

மே 13, சனி

சாப்பிட்ட பிறகு அண்ணன் என்னைத் தண்ணீர்த் தொட்டி பக்கம் கூப்பிட்டான். அவனுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஆனால் இன்றைக்கு பைப்பைத் திறந்து மூடிக்கொண்டே நின்றான்.

"பென்னி எனக்குப் போன் பண்ணான் ஜெசி."

"என்னவாம்?"

"உன் தையல் மிஷினையும் மீதிச் சாமானையும் பார்சல்ல போடறேன்னான். எந்த அட்ரஸுக்குன்னு கேட்டான்."

"எதுக்கு இப்பவே? அவர் வரும்போது கொண்டு வரலாமே."

அண்ணன் பைப்பை மறுபடியும் திறந்தான். "இந்த அட்ரஸையே குடுத்துட்டேன்" என்றான். பைப்பை இறுக்க மூடிவிட்டு உள்ளே போனான்.

சாமான்களை முன்கூட்டியே அனுப்புவதும் நல்லதுதான். பிறகு மொத்தமாகக் கட்டிக்கொண்டு அலைய வேண்டாம்.

மே 18, வியாழன்

பெரம்பூரில் ஸ்கூல் பார்த்தேன். நான் படித்த ஸ்கூலேதான். வராண்டாவில் அதே சிவப்புத் தரை. நல்ல மரியாதையாகப் பேசினார்கள். "அட்மிஷனுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் வரணும் மேடம். அடுத்த வாரத்துக்குள்ள முடிச்சிடுங்க."

பார்க்கலாம் என்றேன்.

மே 19

பார்சல் வந்தது. தையல் மிஷின், இட்லிப் பானை, என் புத்தகங்கள். ஸ்வெட்டர்களைக்கூட ஒன்று விடாமல் மடித்து வைத்து அனுப்பியிருக்கிறார். மெட்ராஸில் யாருக்கு ஸ்வெட்டர்?

மே 20, சனி

மார்க்கரெட் அக்கா வீட்டுக்குப் பெயின்ட் கலர் சொல்லப் போகலாம் என்று கிளம்பினோம். பெரம்பூர் ஸ்டேஷனில் இறங்கிய மிரியம் நடக்கவில்லை. பிளாட்பாரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"கால் வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன வா. அக்கா காத்திட்டிருப்பாங்க."

"மம்மி, இங்க வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் அலைந்து, நல்ல வீடு, தெரிந்த மனுஷங்க, ஸ்கூல் பக்கம், இதைவிட என்ன வேண்டும் என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்தில் கீரைக் கட்டு வைத்திருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

மிரியம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இங்க எல்லாருக்கும் டாடியத் தெரியுது. எல்லாரும் கேக்கறாங்க, எப்ப வர்றாரு, எப்ப வர்றாருன்னு. நான் ஸ்கூலுக்குப் போற வழியெல்லாம் கேப்பாங்க. திரும்பி வரும்போதும் கேப்பாங்க. நான் தினம் என்ன சொல்றது?"

"ஜூன்ல வருவாருன்னு சொல்லு."

"வரமாட்டாரு மம்மி."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. நாக்பூர் ஸ்டேஷன்ல டாடி என்கிட்ட, 'லீவுக்கு நீ இங்க வா'ன்னாரு. 'நான் அங்க வர்றேன்'னு சொல்லல."

ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் வந்து நின்று, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போனது. அவள் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது கூட்டத்தில் அப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க. பாட்டெல்லாம் பாடினீங்க."

மார்க்கரெட் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வண்டியில் திரும்பினோம். வண்டிக்குக் காத்திருந்தபோது கீரைக்கார அம்மா எங்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

மே 21, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

மே 23

தெரிந்தவர் யாருமே இல்லாத ஏரியா எதுவென்று யோசித்துப் பார்த்தேன். மெட்ராஸில் பாதி அப்படித்தான் இருக்கிறது. இதுவரை அது எனக்குக் குறையாகத் தோன்றியது.

ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி பழவந்தாங்கலிலிருந்து வருகிறாள். பீச் ஸ்டேஷனுக்கு ஒரே ட்ரெயின். அவள் தெருவிலேயே ஒரு வீடு காலியாம். "ஆனா பிளேன் சத்தம் ஜாஸ்தி, யோசிச்சுக்குங்க" என்றாள்.

மே 27, சனி

பழவந்தாங்கல். பார்க்க ஒன்றுமில்லாத தெரு. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஒட்டிய வீடுகள், ஒரு மாவு மில், ஒரு ஜெராக்ஸ் கடை, சாக்கடை மூடியின் மேல் தூங்கும் நாய். எனக்கு எதுவும் எதையும் ஞாபகப்படுத்தவில்லை. நடக்க நடக்க, காலுக்கு இடம் தெரியாமல் தடுமாறுகிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கார அம்மா பெயர் தனபாக்கியம். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியைத் திறந்து காட்டினார். சமையலறை ஜன்னலில் நல்ல வெளிச்சம். பேசிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே விமானம் இறங்கியது. அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு, அது போனதும் அதே வார்த்தையிலிருந்து தொடர்ந்தார். மிரியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"வீட்டுல எத்தனை பேரும்மா?"

மூணு பேர் என்று வாய் வரைக்கும் வந்தது. மிரியம் சுவரில் ஒட்டியிருந்த பழைய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அதைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது, கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேர்ம்மா. நானும் என் பொண்ணும்."

"ரெண்டு பேரா?"

"ஆமா. ரெண்டு பேர்தான்."

தனபாக்கியம் அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் அடுத்த கேள்விக்காக உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"அப்ப தண்ணிப் பிரச்சனை வராது. போன தடவை ஆறு பேரு இருந்தாங்க, தொட்டிய நக்கி எடுத்துட்டாங்க. வாங்க, மோட்டார் சுவிட்சக் காட்டறேன்."

மீன் சமைக்கலாமா என்று மிரியமே கேட்டாள். "சமைச்சா எனக்கு ஒரு துண்டு குடு" என்றார்.

மே 28, ஞாயிறு

பூசை முடிந்து மார்க்கரெட் அக்காவிடம் போனேன். மிரியத்தை அழைத்துப் போகவில்லை. மாடியில் அறையை அவரே கூட்டித் துடைத்து வைத்திருந்தார். பால்கனியில் ஒரு பழைய பிரம்பு நாற்காலி போட்டிருந்தார். "பென்னி உக்காந்து மேட்ச் பாக்கட்டும்னு போட்டேன்" என்றார்.

"அக்கா, நாங்க இங்க வரல."

"ஏண்டி, ஏதாவது குறையா?"

"பெனடிக்ட் வரமாட்டார்க்கா. இனிமே சேர்ந்து இருக்க முடியாதுன்னு ஜனவரியிலயே சொல்லிட்டார்."

இந்த வார்த்தைகளை நான் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதியதில்லை. சொன்ன பிறகு, பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தேன். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். லெஃப்ட் விங்கில் ஒரு ஒல்லிப் பையன் பந்தை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றான்.

மார்க்கரெட் அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, "அதுக்குத்தாண்டி நீ இங்க வரணும். நாங்கல்லாம் இல்லையா?" என்றார்.

"நீங்க இருக்கீங்கக்கா. எனக்கு இங்கதான் இருக்கணும்னு ஆசை. ஆனா அவளுக்கு இங்க ஒவ்வொருத்தர் முகத்துலயும் அவங்க அப்பா தெரியறார். அவ தாங்கமாட்டா."

அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். வீட்டில் ஏதோ பொரித்த எண்ணெய் வாசனை, பவுடர் வாசனை, அந்தத் தெருவின் வாசனை. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

கிளம்பும்போது கேட் வரை வந்தார். "ஞாயித்துக்கிழமை பூசைக்கு வா. முடிஞ்சதும் இங்க வந்து சாப்பிட்டுட்டுப் போ. எவனாவது எதாவது கேட்டா எங்கிட்ட அனுப்பு."

ஜூன் 4, ஞாயிறு

பால் காய்ச்சினோம். அண்ணனுக்கு டியூட்டி, அண்ணி மட்டும் டெம்போவில் எங்களோடு வந்து, அடுப்பைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, போகும்போது மிரியத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஸ்வெட்டர்களைப் பரண் மேல் போட்டேன். தையல் மிஷின் ஜன்னலை ஒட்டி.

மாலையில் பெனடிக்டுக்கு நானே போன் செய்தேன். எடுத்தார். வீட்டு விலாசம் சொன்னேன். லீவில் மிரியம் வருவாள், டிக்கெட்டை நீங்கள் போடுங்கள் என்றேன். சரி என்றார். கொஞ்ச நேரம் இருவரும் போனை வைக்கவில்லை. பிறகு விமானம் ஒன்று வந்தது. அது போனபோது லைனில் அவர் இல்லை.

ஜூன் 6

ஸ்கூல் அட்மிஷன். நடந்து போகிற தூரம்தான். தலைமை ஆசிரியை, "அப்பா வரலையா?" என்று கேட்டார். "நான்தான் பாத்துக்கறேன் டீச்சர். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றேன். காட்டினார். போட்டேன்.

ஜூன் 12, திங்கள்

முதல் நாள். தமிழ் வகுப்பில் வாசிக்கச் சொன்னார்களாம், திக்கினாளாம், பக்கத்தில் உட்கார்ந்த பெண் காதுக்குள் சொல்லிக் கொடுத்தாளாம். அந்தப் பெண்ணின் பெயர் இலக்கியா. அடுத்த தெரு. நாளைக்கு அவளோடுதான் நடந்து போவாளாம், நான் வர வேண்டாமாம்.

நான் அவர்களுக்குத் தெரியாமல் முனை வரை போவதாக இருக்கிறேன்.

ஜூன் 18, ஞாயிறு

அண்ணன் குடும்பத்தோடு சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தான். வஞ்சிரம் வாங்கி வைத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஸ்டேஷனிலிருந்து போன். "எந்தப் பக்கம் வரணும் ஜெசி? எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கு."

எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஜெராக்ஸ் கடை வரும், இல்லை அதற்கு முன்பு ஒரு திருப்பம் என்று நான் குழப்பிக்கொண்டிருந்தபோது மிரியம் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாமா, நான் சொல்றேன் கேளுங்க. வெளிய வந்ததும் ஒரு தாத்தா குடை ரிப்பேர் பண்ணிட்டிருப்பாரு, அவர் முதுகு பக்கமா இருக்கற தெரு. நேரா வாங்க. மாவு மில் வாசனை வரும், அங்க திரும்பிடாதீங்க, அது இலக்கியா வீட்டுத் தெரு. அடுத்ததுல திரும்புங்க. ஒரு வீட்டு காம்பவுண்ட்ல கண்ணாடித் துண்டெல்லாம் பதிச்சிருக்கும், பச்சைக் கண்ணாடி. அங்க ஒரு நாய் இருக்கும், கடிக்காது, சும்மா எழுந்து நிக்கும். அதோட எதிர் வீட்டுல ஒரு அக்கா டைப்ரைட்டிங் கத்துக்கறாங்க, சத்தம் கேக்கும். அதுக்கு அடுத்த வீடு. மாடில என் யூனிபார்ம் காயும். அதான் எங்க வீடு. நான் கேட்டுல நிக்கறேன்."

படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

குடை ரிப்பேர்க்காரரை நான் பார்த்ததில்லை. பச்சைக் கண்ணாடியைக் கவனித்ததில்லை. டைப்ரைட்டிங் சத்தம்? அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றேன். ஒரு விமானம் போய் முடிந்து, சத்தம் அடங்கியதும், மெல்லக் கேட்டது. கேட்டில் மிரியம் ஒரு காலை மடக்கி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யார் வருகிறார்கள் என்று கேட்டார்கள். "எங்க மாமா!" என்று கத்தினாள்.

இன்னும் எத்தனையோ வருடம் கழித்து, பெரியவளாகி, இவள் ஒரு நாள் இந்தத் தெருவுக்குத் திரும்பி வருவாள். பக்கத்தில் நடந்து வரும் யாரோ ஒருவரிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வருவாள். பாதி வீடுகள் இருக்காது. அப்போதும் இவள் காலுக்கு வழி தெரியும்.

அண்ணன் எங்கேயும் தவறாமல் நேரே வந்து சேர்ந்தான்.